தாத்தாவின் சட்டைப்பையில் இருந்த ஃபியூஸ் கட்டை

மகனே, நீ அனுப்பிய அட்டவணையை மூன்று முறை படித்தேன். ‘தாத்தா கேர் பிளான்’ என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தாய். காலை ஆறரைக்கு எழுப்புதல், ஏழு மணிக்கு மாத்திரை, குடியிருப்பு வளாகத்துக்குள்ளேயே நாற்பது நிமிட நடை, பன்னிரண்டரைக்கு வெளியிலிருந்து வரும் உப்புக் குறைந்த சாப்பாடு. கூடத்திலும் சமையலறையிலும் அவர் படுக்கும் அறையிலும் ஒவ்வொரு கேமரா. அவர் விழுந்தால் உன் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கடிகாரம். எண்ணை அழுத்தித் திறக்கும் வாசல் பூட்டு, அந்த எண் அவருக்குச் சொல்லப்படாது. பதினெட்டு ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருப்பவன் நான். பிறர் எழுதும் நடைமுறைகளில் பிழை காண்பதற்காகவே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். உன் அட்டவணையில் ஒரு பிழைகூட இல்லை. என்னை அச்சுறுத்தியது அதுதான். ஏனெனில், ஏறக்குறைய இதே அட்டவணையை நான் ஓராண்டுக்கு முன்பே எழுதிவிட்டேன். அதன் முடிவில் ஓர் எலும்பு முறிந்தது.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டியோடு வந்து தாத்தாவை வைட்ஃபீல்டில் நீ இப்போது குடியிருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போகப் போவதாகவும், இந்த வீட்டில் அவரை இனி ஒரு நாளும் விட்டுவைக்க முடியாது என்றும் அட்டவணையின் கீழே எழுதியிருந்தாய். பத்து மாதங்களுக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய முதல் வரி அது. உன்னைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை, தடுக்கவும் போவதில்லை. ஆனால் எந்த நிலையில் இருக்கும் மனிதரை நீ அழைத்துச் செல்கிறாய் என்பதும், அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதும் உனக்கு முழுமையாகத் தெரியாது. அன்று சமையலறையில் நடந்ததில் ஒரு பகுதியை மட்டுமே நீ பார்த்தாய். மீதியை இப்போது எழுதுகிறேன். நம் தெருவாரும் உறவினரும் படிக்கும் ஆண்டு மலருக்கும் இதன் பிரதி ஒன்றைக் கொடுக்கிறேன். பொய்யை ஊரறியச் சொன்னவன், உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி அனுப்புவது முறையாகாது.

என் அம்மா இறந்த பிறகு தாத்தா அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பின், முகம் மழிப்பதை நிறுத்தினார். அதை நாம் துக்கம் என்று சொல்லிக்கொண்டோம். மூன்றாவது மாதம் வயிற்று வலி என்றார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஐந்தாவது மாதம் கத்தத் தொடங்கினார். உனக்கு நினைவிருக்கும்: குழம்பில் புளி அதிகம் என்று தட்டை உன் அம்மாவை நோக்கி வீசினார், அது அவள் காதைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது. தொலைக்காட்சியின் திரையில் சொம்பை எறிந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டர் வாசலை மறைக்கிறது என்று அதன் கண்ணாடியை ஊன்றுகோலால் அடித்து உடைத்தார். ஒவ்வொரு முறையும் உறவினர் சொன்ன மறுமொழி ஒன்றே: வயசாயிட்டா அப்படித்தான். நானும் அதையே சொன்னேன். ஓர் இயந்திரம் இப்படி நடந்துகொண்டிருந்தால் ஒரே மணி நேரத்தில் காரணம் தேடியிருப்பேன். மனிதர் என்பதால் வயது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டேன்.

ஒருநாள் அவர் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தார். பாத்திரம் கருகி, வீடு முழுவதும் புகை. இன்னொரு நாள் அணைந்துபோன அடுப்பிலிருந்து வாயு கசிந்தது. இவை பொய்யான ஆபத்துகள் அல்ல. அதை நீயும் மறுக்கமாட்டாய். நான் செய்த ஏற்பாடுதான் கேள்விக்குரியது. எங்கள் தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தைப் பழுது பார்க்கும்போது, அதை யாரும் தவறுதலாக இயக்கிவிடாதபடி விசையில் சிவப்புப் பூட்டு ஒன்றை மாட்டி, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுவோம். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் அதைத் திறக்கக் கூடாது. அந்தப் பூட்டுகளில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா காலைச் சமையலை முடித்துப் பள்ளிக்குக் கிளம்பியதும் சிலிண்டரின் மேல் உறையை மாட்டிப் பூட்டினேன். ‘இயக்காதே’ என்ற அட்டையில் என் பெயரை எழுதித் தொங்கவிட்டேன். அவருக்கான விதிகளைப் பதினான்கு வரிகளில் அச்சிட்டுக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஏரிக்கரையில் தினமும் காலையில் பழைய சகாக்கள் மூவரோடு உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டு வருவார்; படியில் ஒருமுறை கால் இடறியதால் அதையும் தடை செய்தேன். காபி போடுவதும் ஏரிக்குப் போவதும்தான் அந்த நாட்களில் அவர் தாமாகச் செய்துகொண்டிருந்த இரண்டே காரியங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் மின்சாரம் போகத் தொடங்கியது. காலை பதினொரு மணியளவில் வீடு முழுவதும் அணைந்துவிடும். முதல் இரண்டு முறை தெருவிலேயே இல்லை என்று நினைத்தேன். மூன்றாம் முறை மீட்டர் பலகையைத் திறந்து பார்த்தால், வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்த இடம் காலியாக இருந்தது. அந்தப் பழைய பலகையை மாற்ற அவர் ஒருநாளும் சம்மதிக்கவில்லை. அவர் கையால் அமைத்தது. கட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது. ஏன் என்று கேட்டால் பையைக் கையால் பொத்திக்கொள்வார். மறதி நோய் என்று நான் முடிவுகட்டினேன். நீயும் அப்போது அதைத்தான் சொன்னாய்.

அந்தச் சட்டைப்பையைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாத்தா மின்வாரியத்தில் கம்பம் ஏறும் லைன்மேனாகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர் என்பது உனக்குத் தெரியும். அவர் காலத்தில் ஆட்கள் கம்பத்தில் ஏறுமுன், கீழே யாரும் மின்சாரத்தை விட்டுவிடாதபடி அந்த லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சொந்தச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள். கடைசி ஆள் இறங்கும் வரை அது அங்கேயே இருக்கும். எனக்குப் பதினொரு வயது. அவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்து சட்டையை ஆணியில் மாட்டியிருந்தார்; ஆட்கள் இன்னும் கம்பத்தில் இருந்தார்கள். பையில் கனமாக ஏதோ தெரிந்தது. எடுத்துப் போய்த் தெருவில் பிள்ளைகளிடம் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைப் போட்டுப் பையைத் தொட்டபோது அது காலியாக இருந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அடி என்று மட்டும் சொன்னால் போதாது. சர்வீஸ் வயரில் ஒரு முழத் துண்டை எடுத்து என்னைத் தெருவிலிருந்து கூடம் வரை அடித்துக்கொண்டே வந்தார். “எவன் கையிலயாவது இது கெடச்சிருந்தா? எவனாவது சொருகியிருந்தா? ஒருத்தன் கருகியிருப்பான்டா!” குறுக்கே வந்த என் அம்மாவின் முழங்கையில் வயர் பட்டுத் தோல் பிளந்தது. அவர் நிறுத்தவில்லை. கதவுக்குப் பின்னால் நான் சிறுநீர் கழித்துவிட்டேன். அதன் பிறகும் இரண்டு அடி விழுந்தது. முதுகில் ஏழு கோடுகள் என்று அம்மா எண்ணிச் சொன்னாள். அன்றிலிருந்து அவர் சட்டையைத் தொட்டதில்லை. துவைக்கப் போடும் சட்டையைக்கூட. அந்தப் பையைத் திரும்பத் தொட்டது முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அந்தச் சமையலறையில்.

அன்று வீட்டிலிருந்தே தலைமை அலுவலகத்தோடு எனக்குக் கூட்டம். திரையில் ஒன்பது பேர். உன் அம்மா பள்ளியில். நீ மாடி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். பதினொன்றே காலுக்குத் திரை அணைந்தது. அந்த வாரத்தில் நான்காவது முறை. எழுந்து போனபோது சமையலறையில் அவர் சுத்தியலோடு நின்று என் சிவப்புப் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். பூட்டு உடையவில்லை, சிலிண்டர்தான் அதிர்ந்துகொண்டிருந்தது.

“கட்டையக் குடுங்கப்பா. மீட்டிங் நடக்குது.”

“நடக்கட்டும். நீ பூட்டைக் கழட்டு, நான் கட்டையப் போடறேன்.”

“பேரம் பேசறீங்களா? சும்னே, பேசாம ஒரு எடத்துல உக்காருங்க.”

“சும்னேவா? எவன்டா அவன், எனக்குச் சும்னே சொல்றவன்? நான் கட்டின வூட்ல, என் அடுப்புக்கு, என் காபிக்குப் பூட்டா? நான் என்னடா, உன் ஃபேக்டரி பாய்லரா?”

“சிலிண்டர் மேல சுத்தியால அடிக்கிறவங்களுக்குக் காபி ஒரு கேடா?”

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொன்னவன் நான். அவர் சுத்தியலை வீசினார். அது என் தோள்பட்டையில் பட்டது, கை மரத்துப்போனது. வலி வருவதற்கு முன்பே மகிழ்ச்சி போன்ற ஒன்று எனக்குள் எழுந்ததை நான் மறைக்கக் கூடாது. இனி எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று அந்த நொடியில் தோன்றியது. அவரைக் குளிர்பெட்டியின் மேல் தள்ளி, என் பதினான்கு விதிகள் ஒட்டியிருந்த இடத்தில் முதுகோடு அழுத்தி, சட்டைப்பைக்குள் கையை விட்டேன். பை கிழிந்தது; கட்டையை அவர் கையில் இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் என் முன்கையைக் கடித்தார். பல் இறங்கி இரத்தம் வந்தது. கட்டை இருந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். எலும்பு முறிந்த ஓசை கேட்டது. சுவரில் ஸ்விட்சைத் தட்டும்போது எழும் ஓசை அளவே இருந்தது; அவ்வளவு சிறியது, அவ்வளவு தெளிவானது.

இதுவரை உனக்கு ஓரளவு தெரியும், அல்லது நீ ஊகித்திருப்பாய். இனி வருவது அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஓசைக்குப் பிறகும் நான் விடவில்லை. முறிந்துவிட்டது என்று தெரிந்த பின்னும் இன்னொரு முறை முறுக்கினேன். அவர் கத்தவில்லை, என் முகத்தைப் பார்த்தார். அப்போது எனக்கு நாற்பத்தொன்பது வயது இல்லை, பதினொன்று. ஏழு கோடுகளுக்கும் கணக்குத் தீர்க்கிறேன் என்று நான் நினைத்ததாகச் சொன்னால் அதுகூட நாகரிகமான பொய். நான் எதையும் நினைக்கவில்லை. முறுக்க முடிந்தது, முறுக்கினேன். கட்டை கீழே விழுந்து உடைந்தது. அந்த ஓசையைக் கேட்டுத்தான் நீ இறங்கி வந்தாய்.

“விடு அவர! நீயெல்லாம் ஒரு மனுசனா?” என்று கத்தியபடி என்னை அடித்தாய். முதல் அடியில் கண்ணாடி உடைந்து புருவம் கிழிந்தது. இரண்டாவது தாடையில். மூன்றாவதற்கு நீ கையை ஓங்கியபோது, கீழே உட்கார்ந்திருந்த தாத்தா, “போதும்டா, அவன் உன் அப்பன்டா” என்றார். நீ கையை இறக்கினாய். புருவத்தில் தழும்பு இருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது; அதைப் பற்றி உன்மேல் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள். நீ அடித்தது நியாயத்துக்காக. அவர் என்னை அடித்ததும் நியாயத்துக்காகத்தான். நான் பூட்டியது பாதுகாப்புக்காக. நம் வீட்டில் காரணம் இல்லாமல் யாரும் யாரையும் அடித்ததில்லை.

மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். “பாத்ரூம்ல வழுக்கிட்டார் சார்” என்றேன். தாத்தா என்னைப் பார்க்காமல், “ஆமா, சோப்பு” என்றார். உறவினரிடமும் அதையே சொன்னோம். அன்று மாலையே கடைக்குப் போய்க் குளியலறைக்கு வழுக்காத விரிப்பு வாங்கி வந்து போட்டேன். நடக்காத விபத்துக்கும் தடுப்பு நடவடிக்கை எடுத்தவன் உன் தகப்பன். அந்த வாரமே நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பொம்மனஹள்ளியில் இருந்த நண்பனின் அறைக்குப் போய்விட்டாய். தாத்தாவிடம் மட்டும் தொலைபேசியில் பேசினாய். அவர் உன்னிடம் “நல்லா இருக்கேன்” என்பதைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

மாவுக்கட்டைப் பிரித்த நாளில் அந்த எலும்பு மருத்துவர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். அரை மணி நேரம் கழித்து அழைத்தார். “விழுந்தவங்களுக்கு எலும்பு இப்படி உடையாது சார். பெரியவர் எதுவும் சொல்லல. ஆனா அவர் சாகணும்னு சொல்றாரு. அதை நான் சும்மா விட முடியாது” என்று சொல்லி, முதியவர்களின் மனநலம் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். சாகணும் என்ற சொல்லை நான் அதற்கு முன் தாத்தாவின் வாயிலிருந்து கேட்டதில்லை. கேட்கும் தூரத்தில் நான் இருந்ததும் இல்லை.

அந்த மனநல மருத்துவர் கன்னடக்கார அம்மையார், தமிழ் பேசுவார். எங்களைத் தனித்தனியாகவும் சேர்த்தும் பார்த்தார். நினைவாற்றலைச் சோதித்துவிட்டு, “நோடி, பாருங்க சார், மறதி இல்ல இவருக்கு. உங்களவிட நல்லா ஞாபகம் இருக்கு” என்றார். துயரம் வயதானவர்களிடம் அழுகையாகவே வர வேண்டும் என்பதில்லை. கோபமாக வரலாம், வயிற்று வலியாக வரலாம், சவரம் செய்யாத முகமாகவும் வரலாம். அது வயதின் குணம் அல்ல, நோய். அதற்கு மருந்தும் உண்டு, பேச்சும் உண்டு என்று விளக்கினார். பிறகு தாத்தாவிடம் திரும்பி, “ஃபியூஸ் ஏன் தெக்தீங்க, ஏன் புடுங்கினீங்க யஜமான்ரே?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் எத்தனையோ முறை கத்திக் கேட்டிருக்கிறேன். அவர் கேட்டுவிட்டுக் காத்திருந்தார், அதுதான் வேறுபாடு.

“நான் கம்பத்து மேல இருக்கேம்மா” என்றார் தாத்தா. “அவ போனதுலேர்ந்து மேலயேதான் இருக்கேன். கீழ யார் என்ன பண்றாங்கன்னு தெரியல. பூட்டுச் சாவி அவன்கிட்ட, வாசக் கேட்டுச் சாவி அவன்கிட்ட, மாத்திர டப்பா அவன்கிட்ட. எப்ப எவன் எதப் போடுவான்னு பயமா இருக்கு. அதான் கட்டைய பாக்கெட்ல வெச்சேன்.” பிறகு முனியப்பா என்ற பெயரைச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த இளைஞன். ஒருநாள் கட்டையைப் பிடுங்கிப் பையில் போடாமல் தாத்தா பலகையின் மேலேயே வைத்துவிட்டார். கீழே வந்த யாரோ அதை எடுத்துச் செருகினார்கள். கம்பத்தில் இருந்த முனியப்பாவைக் கீழே இறக்கும்போது தாத்தாவின் கையில் அவன் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அது, நான் அவர் பையிலிருந்து கட்டையை எடுத்த நாளுக்கு ஓராண்டு முன்பு. என் முதுகில் விழுந்த வயர் எங்கிருந்து வந்தது என்பதை ஐம்பதை நெருங்கும் வயதில், ஒரு மருத்துவரின் மேசைக்கு முன் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அதனால் அந்த அடி நியாயமாகிவிடவில்லை. அதையும் அந்த அம்மையார்தான் சொன்னார், நானாகச் சொல்லியிருக்கமாட்டேன்.

அடுத்து என்னைத் தனியாக வரச் சொன்னார். “மேடம், பேஷண்ட் நான் இல்ல” என்றேன். “கையை முறிச்சது யார் சார்?” என்று கேட்டார். தாத்தா அவரிடம் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். இரண்டாவது முறுக்கலை அன்று அவரிடம் சொன்னேன். இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் போகிறேன். கோபம் தோளிலிருந்து கைக்கு இறங்குவதற்கு முன் அறையை விட்டு வெளியேற வேண்டும் என்பது எனக்கு இடப்பட்டிருக்கும் ஒரே விதி. ஏட்டில் எளிது. வாசல் வரை போய்த் திரும்பி வந்து கத்திய நாட்களும் உண்டு.

நான் இவற்றை எழுதுவதால் இங்கே எல்லாம் சீராகிவிட்டது என்று எண்ணிவிடாதே. பூட்டை எடுத்துத் தொழிற்சாலையில் ஒப்படைத்துவிட்டேன். அடுப்பணைந்தால் தானே வாயுவை நிறுத்தும் அடுப்பு ஒன்றை வாங்கினோம். அதை முதலிலேயே வாங்கியிருக்கலாம் என்று உன் அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் காபி போடுகிறார், மேடையெல்லாம் டிகாஷன். முகம் மழிக்கிறார், வாரத்தில் நான்கு நாட்களாவது. ஏரிக்கரைச் சண்டைக்குத் திரும்பிவிட்டார். மாத்திரை நாக்கை உலர்த்துகிறது என்று இரண்டு முறை நிறுத்திவிட்டு, இரண்டு முறையும் படுக்கையிலேயே கிடந்தார். பிறகு தாமாகவே மருத்துவரை அழைத்துப் பேசினார். சென்ற மாதம் என் மேல் டம்ளரை வீசினார். நான் வெளியே போய்த் தெருமுனையில் இருபது நிமிடம் நின்றேன். திரும்பி வந்தபோது, “குறி தப்பிடுச்சு” என்றார். இருவரும் சிரிக்கவில்லை, ஆனால் சேர்ந்து சாப்பிட்டோம். என்னிடம் அவருக்கு இருக்கும் அச்சம் முழுமையாகப் போய்விட்டது என்று நான் உறுதியளிக்க மாட்டேன். நான் வேகமாக எழுந்தால் இன்றும் அவர் கை சட்டைப்பைக்குப் போகிறது. அந்தக் கையில் விரல்கள் சரியாக மடங்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் முறிந்த நாளிலிருந்து அவர் கையெழுத்துப் போடுவதில்லை. ஓய்வூதியத்துக்கான உயிர்ச் சான்றுக்குப் போனபோது, முப்பத்தைந்து ஆண்டுகள் அரசு வேலையில் கோப்புகளில் கையெழுத்திட்ட மனிதர், அதிகாரியிடம் பெருவிரலை நீட்டினார்.

ஆகவே, நீ அவரை என்னிடமிருந்து அழைத்துப் போக நினைப்பது நியாயமே. அங்கே என்ன செய்யப் போகிறாய் என்பதைத்தான் மீண்டும் பார்க்கச் சொல்கிறேன். உன் அட்டவணையில் அவர் எப்போது எழுவார், நடப்பார், சாப்பிடுவார், விழுவார் என்பதெல்லாம் இருக்கிறது. அவர் எதை முடிவு செய்வார் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. உன்னுடைய ஒவ்வொரு வரியும் அன்பில் எழுதப்பட்டது. எனக்குத் தெரியும், என்னுடையவையும் அப்படித்தான். படுக்கையறைக் கேமராவை அவர் துண்டால் மூடுவார். நீ எடுத்துவிடுவாய். மறுபடி மூடுவார். மூன்றாவது முறையோ முப்பதாவது முறையோ நீ அவர் கையைப் பிடிப்பாய். நீ நல்லவன் என்பது அப்போது உதவாது. நானும் அதுவரை நல்லவனாகத்தான் இருந்தேன். அவரை அழைத்துப் போவதற்கு முன், போக விருப்பமா என்று அவரிடம் கேட்டாயா? நான் உட்பட நம்மில் ஒருவரும் கேட்கவில்லை. அவர் மனம் இருளும் நாட்கள் அங்கேயும் வரும். அப்போது அதை வயது என்று சொல்லாதே. பிடிவாதம் என்றும் சொல்லாதே. மருத்துவரிடம் போகும் நாளை அவரே சொல்லட்டும். உன் வீட்டு மின்பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே அவருக்குக் காட்டு.

எனக்காகவும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நான் அவர் இடத்தில் இருப்பேன். நான் அவரைவிடக் கடினமான கிழவனாக இருப்பேன் என்பதற்கு எல்லா அறிகுறிகளும் உள்ளன. விதிகளைப் பறிகொடுத்த விதிக்காரன் எவ்வளவு கொடியவனாவான் என்பதை நீ இப்போதே எதிர்பார்க்கலாம். நான் முகம் மழிப்பதை நிறுத்தினால் கவனி. கத்தினால், கத்தலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுவிட்டுக் காத்திரு. உனக்குக் கை ஓங்கினால் வெளியே போ; உன்னைப் போகச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, போகாமல் இருந்தவன் நான்.

இதுவரை எழுதியதைத் தாத்தாவிடம் கொடுத்தேன். அவரைப் பற்றியதை அவர் அனுமதி இல்லாமல் அனுப்ப முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரம் படித்தார். முனியப்பா வரும் இடத்தில் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். முடித்ததும் என்னை அழைத்தார்.

“ரெண்டாவது தடவ முறுக்கினத எழுதிட்டே.”

“எழுதிட்டேன்பா.”

“நான் உன் அம்மாவ அடிச்சதையும்.”

“ஆமா.”

“சரி. ஆனா எந்தக் கைன்னு எழுதல. ஆக்சிடென்ட் ரிப்போர்ட்ல எந்தக் கைன்னு இல்லாட்டி மேல திருப்பி அனுப்பிடுவான். நீயெல்லாம் என்ன சேஃப்டி ஆபீசரு?”

வலது கை. பதினெட்டு ஆண்டுகளாக எந்த அறிக்கையிலும் விடாததை இதில் விட்டிருக்கிறேன். எழுத வராமல் விட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வயரைச் சுழற்றியதும், உன் முதல் சைக்கிளின் பின்னால் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓடியதும் அந்தக் கைதான். வலது மணிக்கட்டு, இரண்டு முறை.

பிறகு, போக விருப்பமா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தவரை இந்த வீட்டில் அவரிடம் கேட்கப்பட்ட முதல் அப்படிப்பட்ட கேள்வி. “எழுதிக்கோ” என்றார். சொன்னபடி எழுதியிருக்கிறேன்:

“போறேன். ஒரு மாசம் பாப்பேன். படுக்கற ரூம்ல கேமரா வேணாம். வாசப் பூட்டு நம்பர் எனக்குத் தெரியணும். காபி நானே போட்டுக்குவேன், பால் பொங்கினா நானே தொடச்சுக்குவேன். செவ்வாக்கெழமையும் வெள்ளிக்கெழமையும் மெட்ரோல ஏரிக்கு வந்துடுவேன். தனியா.”

“தனியா வேணாம்பா, ட்ரெயின் மாறி ஏறணும்—” என்று பழக்கத்தில் தொடங்கினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டு ‘தனியா’ என்று எழுதினேன்.

“புடிக்கலன்னா திரும்பி வருவேன். இங்க இவன் மறுபடி என்மேல கைய வெச்சான்னா மறுபடி அங்க போவேன். யார் வூட்ல இருக்கறதுன்னு நான் சொல்வேன்.”

இவ்வளவுதான் நிபந்தனைகள். எழுதி முடித்ததும் மை டப்பாவை எடுத்து வரப் போனேன். பெருவிரல் வைப்பார் என்று எண்ணி. திரும்பி வந்தபோது அவர் என் பேனாவை எடுத்துத் தாளின் மேல் குனிந்திருந்தார். நான் பிடிக்கப் போகவில்லை, கதவருகிலேயே நின்றேன். நான்கு எழுத்துப் பெயருக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆனது. அது இந்தத் தாளின் கீழே, என் கையெழுத்துக்கு மேலே இருக்கிறது. கோணலாக இருக்கிறது. ஆனால் வலது கையால் போட்டது, படிக்க முடிகிறது.